போயிட்டு வர்றேன்

(சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் தமிழ் வாசகர்கள் கூடிய நிகழ்வொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வருமுன் அந்தப் பழைய ரயில் தடத்தில் சற்று நேரம் நடந்துவிட்டு வந்தேன். இப்போது அது நடைபாதை. 2011 ஜூன் 30 வரை அதில் மலாயா ரயில் ஓடியது. புக்கிட் பாஞ்சாங்கில் நெடுநாளாகக் குடியிருப்பவர்களுக்கு, ரயில்வே கேட் விழுந்து வண்டிகள் வரிசையில் நின்றது நினைவிருக்கும். அந்த ரயிலைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை வடக்கு எல்லையிலுள்ள உட்லண்ட்சுக்கு மாற்றியது. மலேசியா மாற்றவில்லை, தெற்கிலுள்ள தஞ்சோங் பகார் நிலையத்திலேயே வைத்துக்கொண்டது. அதனால் வடக்கே போகிற பயணி தஞ்சோங் பகாரிலேயே மலேசியாவுக்குள் நுழைந்துவிடுவார். சிங்கப்பூரை விட்டு அவர் வெளியேறுவது உட்லண்ட்சில். இடையில் இந்த புக்கிட் பாஞ்சாங்கைக் கடக்கும்போது, தாள்களின்படி அவர் மலேசியாவுக்குள் வந்துவிட்டவர், ஆனால் சிங்கப்பூரிலிருந்து இன்னும் கிளம்பாதவர். ஏறக்குறைய 13 ஆண்டுகள் இப்படியே ஓடியது. அரசுகள் இரண்டும் வாதாடிக்கொண்டிருந்தன. ரயிலில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள்.

தாளுக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ மேலை நாட்டுக்குப் போக விசா கேட்கிறவர்கள் படும் பாட்டைப் பற்றி.

எங்கள் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். நான், என் மனைவி, மகன், மூவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். எங்களிடம் சிவப்பு பாஸ்போர்ட். அம்மா திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவரிடம் இந்தியாவின் நீல பாஸ்போர்ட். மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு மேலை நாடு ஒன்றில் படிக்கப் போனான். எந்த நாடு என்று இங்கே சொல்லப் போவதில்லை. 2019இல் அவனுக்குப் பட்டமளிப்பு விழா. பேரன் அங்கி போட்டுக்கொண்டு மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அப்போது அவருக்கு வயது 71.

நானும் மனைவியும் விமானச் சீட்டு வாங்கினோம். எங்கள் ஏற்பாடு அதோடு முடிந்தது. அம்மாவுக்காக 38 பக்கம் தாள் சேர்த்தோம். அவருடைய அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம், வங்கிக் கணக்கு, என் சம்பளச் சீட்டு, என் வருமான வரி நோட்டீஸ், மகனின் பல்கலைக்கழகக் கடிதம், தங்கப்போகும் வீட்டின் முகவரி, போகவரச் சீட்டின் முன்பதிவு. சென்னைக்கு வந்து கைரேகை வைத்தார். அங்கே ஒரு சின்னத் தொல்லை. அறுபது ஆண்டு நாற்றுப் பறித்து நட்ட கை. ரேகை தேய்ந்துபோயிருந்தது. இயந்திரம் நான்கு முறை மறுத்து, ஐந்தாவது முறை எடுத்துக்கொண்டது.

மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். கணக்கில் அண்மையில் வந்த பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று விளக்கவில்லை. சொந்த நாட்டோடு போதுமான பிணைப்புகள் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே வருகைக் காலம் முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேறுவார் என்று நம்பவில்லை. இதுதான் சாரம். கட்டிய பணம் திரும்பாது.

அந்தப் பெரிய தொகை நான் போட்டது. விசாவுக்குப் பணம் காட்ட வேண்டுமே என்று, விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்னால் எட்டு லட்சம் ரூபாயை அம்மாவின் கணக்கில் செலுத்தினேன். நான் செய்த பிழை அது. திடீரென்று வந்து நிற்கிற பணம் உதவி செய்யாது, சந்தேகத்தைக் கிளப்பும். என்னிடம் அதை அன்று யாரும் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

ஆனால் என்னை விடாமல் அறுத்தது கடிதத்தில் இருந்த மற்றொரு சொல்: பிணைப்பு. அம்மாவைத் திருவாரூரோடு கட்டிப்போட்டிருப்பது என்ன? நிலம் இருக்கிறது, பட்டா அப்போது என் தாத்தா பெயரில். வீடு இருக்கிறது, வரி ரசீது அப்பா பெயரில். அப்பா 2011இல் காலமானார். ஆண்டுதோறும் அவருடைய திதிக்கு அம்மா ஊரில் இருந்தாக வேண்டும். கறவை மாடு ஒன்று, வேறு யார் உட்கார்ந்தாலும் மடி கொடுக்காது. திருவாரூர்க் கோவிலின் ஆழித்தேர் ஓடுகிற நாளில் அவர் வெளியூரில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. இவற்றில் எதற்குச் சான்றிதழ் வாங்குவது? எந்தத் தாசில்தாரிடம் போய் முத்திரை குத்துவது? சம்பளம் வாங்கும் வேலை, வரி கட்டிய ரசீது, தன் பெயரில் சொத்து: பிணைப்பென்று அலுவலகங்கள் ஏற்றுக்கொள்வது இவற்றைத்தான். கணவன் பெயரிலும் மாமனார் பெயரிலும் எழுதப்பட்ட வீட்டில் ஆயுள் முழுக்க உழைத்த ஒரு பெண்மணி, அந்தக் கணக்கில் எதனோடும் பிணைப்பில்லாதவர் ஆகிவிடுகிறார்.

தொலைபேசியில் அம்மா கேட்டார். "நான் அங்க தங்கி என்னடா பண்ணப் போறேன்? அப்பா திதிக்கு இங்க யாரு இருக்கா?"

அவருடைய பாஸ்போர்ட்டில் இன்னொன்றும் இருந்தது. ஆறு முறை சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார். ஆறு முறையும் கொடுத்த நாளுக்குள் திரும்பிப் போயிருக்கிறார். முத்திரைகள் இருக்கின்றன. மறுப்புக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நம் வீடுகளில் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல்படி தாண்டினால் பெரியவர்கள் பதறுவார்கள். "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திருத்துவார்கள். பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் போயிட்டு வர்றேன்தான், சிங்கப்பூருக்கு விமானம் ஏறினாலும் போயிட்டு வர்றேன்தான். அந்த ‘வர்றேன்’ என்ற ஒரு சொல்லைத் தாளில் காட்டு என்று கேட்பதுதான் சுற்றுலா விசா. போவதற்குச் சீட்டைக் காட்டலாம். வருவேன் என்பது நாளைக்கு நடக்கப் போகிற காரியம். அதற்கு எந்த மனிதனிடமும் ஆவணம் கிடையாது. இருப்பது, இதற்கு முன் போய் வந்த கணக்கு ஒன்றுதான்.

சட்டங்கள் இதை எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடிநுழைவு, குடியுரிமைச் சட்டத்தில் 214(பி) என்ற பிரிவு இருக்கிறது. சுற்றுலா விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரையும், நிரந்தரமாகக் குடியேற வருபவர் என்றே முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று அவர்தான் அலுவலரை நம்பவைக்க வேண்டும். குற்றவியல் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சுமக்கிற பாரத்தை இங்கே விண்ணப்பதாரர் சுமக்கிறார். அதற்கு அவருக்குக் கிடைக்கும் நேரம் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் சில நிமிடங்கள். கட்டணம் 185 டாலர், மறுத்தாலும் திரும்பாது. மேல்முறையீடு இல்லை. ஷெங்கன் நாடுகளின் மறுப்புப் படிவத்தில் காரணங்கள் அச்சிடப்பட்டிருக்கும், பொருந்துவதற்கு எதிரே கட்டத்தில் குறி இடுவார்கள். அவற்றில் ஒன்று, விசாக் காலம் முடியுமுன் வெளியேறும் எண்ணம் குறித்து நியாயமான ஐயம் இருக்கிறது என்பது. ஒருவருடைய மனத்துக்குள் இருப்பதைப் பற்றிய தீர்ப்பு ஒரு சிறு கட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஷெங்கனில் மேல்முறையீட்டு உரிமை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும், அந்தந்த நாட்டுச் சட்டப்படி, அந்த நாட்டு மொழியில், குறித்த நாளுக்குள். 2024இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசா கேட்டுப் போன விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கு மேல். மறுக்கப்பட்டவை ஏறக்குறைய 1 லட்சத்து 65 ஆயிரம். கட்டணம் அந்த ஆண்டு ஜூன் 11 முதல் 90 யூரோ. நம் மக்கள் பெறாத விசாவுக்காகக் கொடுத்த தொகையை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

என் தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி இங்கே வந்தார். விசா என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. 1933இல் இங்கே வந்த அயலார் சட்டம் சீனத் தொழிலாளர்களை மட்டுப்படுத்தியது. பிரிட்டிஷ் குடிகள் என்ற கணக்கில் இந்தியர்களைத் தொடவில்லை. 1953இல் வந்த குடிநுழைவுச் சட்டத்துக்குப் பிறகுதான் நம்மவர்களுக்குக் கதவு இறுகியது. அதற்குள் தாத்தா மூன்று முறை போய், மூன்று முறை வந்து, ஊரிலேயே கண்மூடினார்.

ஆனால் அந்தக் காலத்திலும் எல்லாருக்கும் எல்லாக் கதவும் திறந்திருக்கவில்லை. கோமகட்டா மாரு கப்பலின் கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1908இல் கனடா ஒரு விதி செய்தது: சொந்த நாட்டிலிருந்து இடையில் இறங்காமல் நேராக வருபவர்களுக்கே அனுமதி. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அப்படி நேராக வருகிற கப்பலே கிடையாது. ‘இந்தியர் வரக் கூடாது’ என்று எழுதாமலே இந்தியர் வருவதைத் தடுக்கும் விதி. அதோடு கையில் 200 டாலர் காட்ட வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை. இன்று நாம் ஆறு மாத வங்கிக் கணக்கை அச்சடித்துக் கொடுக்கும்போது எனக்கு அந்த 200 டாலர்தான் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தொழில் செய்த குர்தித் சிங் அந்தக் கப்பலை வாடகைக்குப் பிடித்தார். 376 பேர். 1914 மே 23இல் வான்கூவர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கரையைப் பார்த்தபடியே நிறுத்திவைத்து, இருபத்துச் சொச்சம் பேரை மட்டும் இறக்கிக்கொண்டு, ஜூலை 23இல் திருப்பி அனுப்பினார்கள். 2016 மே மாதம் கனடாவின் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 102 ஆண்டுகள் கழித்து.

தமிழர்களாகிய நமக்கு இதைவிட நெருக்கமான வரலாறு ஒன்று இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை என்பது என் வருத்தம். இலங்கையின் 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் பிரிட்டனுக்குத் தப்பி வரத் தொடங்கினார்கள். அதுவரை காமன்வெல்த் நாட்டவர் எவருக்கும் பிரிட்டன் போய்ப் பார்த்து வர விசா தேவைப்படவில்லை. 1985 மே மாத இறுதியில் பிரிட்டன் இலங்கைக்கு விசா விதித்தது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு விசா விதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. தமிழர்களைத் தடுப்பதற்காக. அடுத்த ஆண்டே இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நைஜீரியா, கானா என்று வரிசை நீண்டது. 1987 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் தஞ்சம் கேட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, சிலர் உடைகளைக் களைந்துவிட்டுக் குளிரில் நின்று ஏற மறுத்தார்கள். சில வாரங்களில் புதிய சட்டம் ஒன்றை அறிவித்தது பிரிட்டன். சரியான தாள் இல்லாத பயணியை ஏற்றி வந்தால் ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம், விமான நிறுவனத்துக்கு.

சாங்கி விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்தில் அந்தப் பெண் உங்கள் விசாப் பக்கத்தை இரண்டு முறை புரட்டிப் பார்க்கிறாரே, அது இத்தகைய சட்டங்களின் விளைவு. நாட்டு எல்லைக்காவலரின் வேலை விமான நிறுவனத்து ஊழியரின் கைக்கு வந்துவிட்டது. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்காகப் போட்ட பூட்டில்தான், பட்டமளிப்பு விழா பார்க்கப் போக நினைத்த என் அம்மாவும் வந்து நின்றார்.

இது தமிழருக்கு மட்டும் நேர்வதல்ல. எங்கள் புளோக்கில் ஐந்தாவது மாடியில் ஒரு தாய்லாந்துப் பெண்மணி இருக்கிறார், சிங்கப்பூரரை மணந்தவர். ஊர் உடோன் தானி. அவருடைய அக்கா ஐரோப்பாவில் இருக்கிறார். தங்கைகள் இருவரும் அக்காவைப் பார்க்கப் போக விண்ணப்பித்தார்கள். திருமணமான இவருக்குக் கிடைத்தது. ஊரில் சிறு கடை வைத்திருக்கும் திருமணமாகாத இளைய தங்கைக்குக் கிடைக்கவில்லை. இளம் வயது, தனி ஆள், கடைக்கு முறையான வரிக் கணக்கு இல்லை. மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "அவங்க எங்க ஊருக்கு வந்தா நாங்க ஒண்ணுமே கேக்கிறதில்ல, அங்கிள்."

உண்மைதான். தாய்லாந்துக்கு 2019இல் ஏறக்குறைய 4 கோடி சுற்றுப்பயணிகள் வந்தார்கள். மேலை நாட்டவர் பெரும்பாலோர் விசா இல்லாமல் இறங்கியவர்கள். 2024 ஜூலை 15 முதல் 93 நாட்டவருக்கு 60 நாள் விசா விலக்கு என்று தாய்லாந்து அறிவித்தது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. ஆனால் தாய்லாந்துக் குடிமகன் பாரிசுக்கோ லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போக விசா வாங்க வேண்டும். அன்றைய பிரதமர் ஸ்ரெத்தா தவிசின் ஷெங்கன் விசா விலக்குக் கேட்டு ஐரோப்பியத் தலைவர்களிடம் பேசிப் பார்த்தார், கிடைக்கவில்லை. தாய்லாந்தின் பாஸ்போர்ட்டும் சிவப்பு நிறம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் நம்முடையதைப் போலவே இருக்கும்.

தென்கொரியாவுக்கு விசா இல்லாமல் போக முடிந்தும், இஞ்சியோன் விமான நிலையத்தில் தாய்லாந்து நாட்டவர் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2023 இறுதியில் தாய்லாந்தில் கொரியப் பயணத்தைப் புறக்கணிப்போம் என்ற குரல் ஓங்கி எழுந்தது. அனுமதி இல்லாமல் கொரியாவில் தங்கி வேலை செய்பவர்களைத் தாய் மொழியில் ‘பீ நோய்’ என்பார்கள், குட்டிப் பேய் என்று பொருள். சிலர் அப்படித் தங்கிவிடுவது உண்மை. நம்மவர்களிலும் சுற்றுலா விசாவில் போய்த் தங்கிவிட்டவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. விசா அலுவலரின் மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை போலிக் கடிதங்கள் வந்து விழுகின்றன என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆனால் தங்கிவிட்ட ஒருவரின் கடனை, திரும்பி வந்த தொண்ணூற்றொன்பது பேரிடம் வசூலிப்பது நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு சென்னையில் அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு நேர்காணல் நாள் கிடைக்க 500 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகமே ஒரு வழி சொன்னது: பாங்காக் போகிற இந்தியர்கள் அங்குள்ள தூதரகத்தில் நேர்காணலுக்குப் பதிவு செய்யலாம். விசா வாங்குவதற்காகவே நம் ஆட்கள் பாங்காக்குக்கு விமானம் ஏறினார்கள். போன இடத்தில் சீலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவிலில் வேண்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். 2025 செப்டம்பரில் அந்த வழியும் அடைபட்டது. அவரவர் நாட்டில், அல்லது வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்கா அறிவித்துவிட்டது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழர்கள் பலருக்கு வாய்த்த சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து நமக்கு இனிஷியல். மணமான பெண்ணுக்குச் சில தாள்களில் அப்பாவின் இனிஷியல், சில தாள்களில் கணவரின் இனிஷியல். பாஸ்போர்ட் படிவமோ குடும்பப் பெயர் எது என்று கேட்கிறது. சிலர் அப்பா பெயரை விரித்து எழுதுகிறார்கள், சிலர் காலியாக விடுகிறார்கள். காலியாக விட்டவர்களின் அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகி வரும், முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம். நல்ல நாள் பார்த்து, காதில் மூன்று முறை சொல்லி வைத்த பெயர்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகள், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள இந்தியப் பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுப்பயணிகளை அனுமதிக்க முடியாது என்றே அறிவித்தது. நம் வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் மூன்று வெவ்வேறு பெயர்கள் இருக்கும். நம் வழக்கம் தெரியாத அலுவலருக்கு அது ஒரு குடும்பமாகத் தெரியாது. அம்மாவின் 38 பக்கத்தில் அவருடைய பெயர் நான்கு விதமாக இருந்தது. ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, என் பிறப்புச் சான்றிதழில் ஒன்று. நான்கும் ஒருவரே என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி இணைத்திருக்க வேண்டும். இணைக்கவில்லை.

இதுவரை மேலை நாடுகளைப் பற்றிப் பேசினேன். சிங்கப்பூரராக என் வீட்டு வாசலையும் நான் பார்த்தாக வேண்டும். இந்தியர் சிங்கப்பூருக்கு வரவும் விசா வேண்டும். கட்டணம் 30 வெள்ளி. இங்கேயும் மறுப்பு உண்டு, பெரும்பாலும் காரணம் சொல்லப்படுவதில்லை. இந்த அடுக்குமாடிகளைக் கட்டிய, இலகு ரயில் தடத்தைப் பழுது பார்க்கிற வேலை அனுமதிச் சீட்டுத் தம்பிகளில் எத்தனை பேரால் தங்கள் அம்மாவை ஒரு வாரம் இங்கே கூட்டிவந்து தேக்காவையும் மெரினாவையும் காட்ட முடிகிறது? நாம் 190க்கும் மேற்பட்ட இடங்களுக்கு விசாவை முன்கூட்டியே வாங்காமல் போகிறோம். அது நம் முன்னோரின் உழைப்பாலும் இந்த நாட்டின் நற்பெயராலும் கிடைத்தது, எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையோடு விமான நிலைய வரிசையில் நிற்கும்போது, பக்கத்து வரிசையில் நிற்பவர் நம்மைவிட நாணயம் குறைந்தவர் என்ற எண்ணம் நம்மையறியாமல் ஒட்டிக்கொள்கிறது. என் பாஸ்போர்ட் மாறிய அன்று என் குணம் எதுவும் மாறவில்லை. முதல் நாள் நீலத்தில் இருந்த அதே ஆள்தான் மறுநாள் சிவப்பில் இருந்தேன்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். அரசுகள் செய்ய வேண்டியதில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் பெரிதாகப் படுகிறது: போய் வந்த கணக்கை மதிக்க வேண்டும். அது நடக்காத காரியம் அல்ல. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா பெற்று ஒழுங்காகப் போய் வந்தவருக்கு இரண்டு ஆண்டுக்குப் பல முறை போய்வரும் விசா. அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் ஐந்து ஆண்டுக்கு. திரும்பி வந்தவரை நம்பு என்பதுதான் அதன் அடிப்படை. நான் மனமார வரவேற்கிறேன். அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், ஐரோப்பாவுக்கு முதல் முறை போகிறவர் சிங்கப்பூருக்கோ ஜப்பானுக்கோ போய் ஒழுங்காகத் திரும்பியிருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வதற்குத் தெளிவான விதி வேண்டும்.

பிணைப்பணம் கட்டச் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2013இல் பிரிட்டன் இந்தியா உள்ளிட்ட சில நாட்டவரிடம் 3,000 பவுண்டு வாங்கத் திட்டமிட்டு, எதிர்ப்பு வலுத்ததும் அதே ஆண்டில் கைவிட்டது. நாட்டைப் பார்த்துப் பிணை கேட்பது இழிவு. ஆனால் மறுக்கப்படும் நிலையிலுள்ள ஒரு முதியவருக்கு, "உன் மகன் பிணை நிற்பானா?" என்று கேட்டால் நான் மறுநாளே கட்டுவேன். ஆஸ்திரேலியாவில் குடும்பத்தார் பொறுப்பேற்று அழைக்கும் வருகை விசாவில் அப்படியொரு வழி இருக்கிறது. மறுப்பைவிட அது மேல்.

நாம் செய்ய வேண்டியது வேறு. பொய்த்தாள் ஒன்றுகூட வைக்காதீர்கள். முகவர் "எல்லாரும் வைக்கிறதுதான்" என்பார். பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் பத்து ஆண்டு கதவடைப்பு வரலாம், அமெரிக்காவில் ஆயுளுக்கும். பணத்தைக் கடைசி நேரத்தில் கணக்கில் கொட்டாதீர்கள். செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால், உங்கள் கணக்கைக் காட்டி, நான் தருகிறேன் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஊரில் அம்மா பெயருக்குப் பட்டா மாற்றுங்கள். விசா வந்தாலும் வராவிட்டாலும் அது நடக்க வேண்டிய காரியம். பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரைகள் அவற்றில்தான் இருக்கின்றன.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் இதே இடத்தில் இருப்பேன். என்னோடு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும், பத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தெரிந்த சகோதரி ஒருவரும் வருகிறார்கள். காசு கிடையாது. யாருக்காக விண்ணப்பிக்கிறீர்களோ அவருடைய தாள்களோடு வாருங்கள். மறுப்புக் கடிதம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், வெட்கப்பட வேண்டாம். என் அம்மாவுடையதையும் நான் கொண்டுவருவேன். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிகளுக்குச் சனிக்கிழமை விடுப்பு இருக்காது என்றால் சொல்லுங்கள், ஞாயிறுக்கு மாற்றிக்கொள்கிறோம்.

மகன் அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டான். போன ஆண்டு அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவுக்கு இப்போது 77 வயது. மறுபடியும் விண்ணப்பிக்கிறோம். இந்த முறை 38 பக்கம் இல்லை, 16 பக்கம்தான். முதல் பக்கத்தில் அவர் சிங்கப்பூர் வந்து திரும்பிய தேதிகள், இப்போது ஒன்பது முறை. இரண்டாவது பக்கத்தில் பெயர் விளக்கம். மூன்றாவது பக்கத்தில், இரண்டு ஆண்டு அலைந்து அவர் பெயருக்கு மாற்றிய பட்டா. வருகிற வியாழக்கிழமை சென்னையில் கைரேகை வைக்க நாள் கொடுத்திருக்கிறார்கள். போன முறை இயந்திரம் மறுத்ததை அவர் மறக்கவில்லை. பத்து நாளாக இரவில் படுக்குமுன் விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார்.